படம் ஓடாட்டாலும் மைக் ஓடணும்

அக்கா,

இன்று காலை துர்கா பூஜைப் பந்தலில் மைக் கட்டிப் பார்த்தார்கள். சால்ட் லேக்கில் நம் பழைய குவார்ட்டர்ஸுக்கு எதிரே இருக்கும் அதே பார்க்கில்தான். நாங்கள் இப்போது இருக்கிற ஃப்ளாட் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. அதனால் எல்லாச் சத்தமும் சமையலறைக்குள் வந்துவிடும். யாரோ ஒருவன் "ஹலோ, ஹலோ" என்றான். எக்கோவைக் கூட்டி வைத்திருந்தான் போல; ஒவ்வொரு ஹலோவும் கட்டடங்களில் முட்டித் திரும்பி வந்துகொண்டே இருந்தது. நான் அப்போதுதான் கடுகு போட்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. கடுகு கருகி வீடெல்லாம் நெடி.

"அடுப்புல என்னத்த வச்சுட்டு எங்க போன?" என்று என் வீட்டுக்காரர் உள்ளே இருந்து கேட்டார். எங்கே போனேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அந்த எக்கோவைக் கேட்டால் நான் நேரே உங்கள் வீட்டு ஹாலுக்குத்தான் போவேன். வேறு எங்கே போக?

உங்கள் குரலைக் கேட்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மூன்றாம் மாடி பால்கனியில் நின்று நீங்கள் காய்கறிக்காரனைக் கூப்பிட்டால், தெருமுனையில் ஆட்டோவில் ஏறப்போகிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். ரகசியம் பேசுவதானால்கூட ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பேச வேண்டும். நாங்கள் திருச்சியிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம், ஒரு வார்த்தை வங்காளம் தெரியாமல் நான் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துப் பால்கனியிலிருந்து அந்தக் குரல் வந்தது. நான் கொடியில் காயப்போட்டிருந்த கரை வேட்டியைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, தமிழா நீ?" என்றீர்கள். என்னை அதுவரை யாரும் ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. திருநெல்வேலிக்காரர்கள் பிரியமாகத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அதற்குள் நீங்கள் ஒரு கிண்ணம் புளிக்குழம்போடு வாசலில் வந்து நின்றுவிட்டீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர், எங்கள் அண்ணாச்சி, அதற்கு நேர் எதிர். கிடர்பூர் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் வேலை. காலையில் பஸ் பிடித்தால் சாயங்காலம்தான் வீடு. வந்தால் செய்தித்தாள், காபி, அப்புறம் நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது. "அவருக்கும் சேத்து நானே பேசிருதேன்" என்பீர்கள். பிள்ளைகள் இல்லாத வீடு என்று அந்த வீட்டைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. அவ்வளவு சத்தம்.

அந்த அண்ணாச்சிதான் ஒருநாள், கிடர்பூர் கடை ஒன்றில் வாங்கிய டிவிடி பிளேயரை அட்டைப்பெட்டியோடு தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். வெள்ளி நிறம். கம்பெனி பெயரை நம் யாராலும் வாயில் நுழைக்க முடியவில்லை. முன்பக்கத்தில் மைக் செருக இரண்டு ஓட்டை, பக்கத்தில் எக்கோவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. இசை மட்டும் ஓடும், நாம் மைக் பிடித்துப் பாட வேண்டியது என்று கடைக்காரன் விளக்கி அனுப்பியிருந்தான். நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்து பார்த்தீர்கள்.

"பாட்டுப் படிக்க இந்த வீட்டுல யாரு இருக்கா? படம் பாக்க ஒண்ணு வாங்குங்கன்னா கச்சேரி சாமான வாங்கிட்டு வந்திருக்கிய."

அண்ணாச்சி மைக்கைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பெட்டியிலேயே போட்டு, பெட்டியைப் பரணில் ஏற்றினார். மாற்றல் உத்தியோகக் குடும்பங்களில் எந்த அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடுவதில்லை அல்லவா. அடுத்த ஊருக்குச் சாமானைக் கட்ட வேண்டும். என் வீட்டிலும் மிக்ஸி வந்த பெட்டி, டிவி வந்த பெட்டி என்று பரணில் வெறும் காற்றைத்தான் அடுக்கி வைத்திருந்தேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் உங்கள் வீட்டில்தான். லீவில் சென்னைக்குப் போய்வருகிற யாரானாலும் முறுக்கு டப்பாவோடு இரண்டு தமிழ்ப் படத் தட்டும் கொண்டுவர வேண்டும் என்பது எழுதாத சட்டம். நீங்கள் டிஸ்க் என்று சொல்லி நான் கேட்டதில்லை, தட்டுதான். எதிர் வீட்டுப் பௌதி தான் உட்காரும் பிரம்பு மோடாவைத் தானே தூக்கிக்கொண்டு வருவார். பௌதி என்றால் அண்ணி. மாடி முழுக்க எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. அதனால் நீங்கள் படம் ஓட ஓட, உங்கள் வங்காளத்தில் கதை சொல்லிக்கொண்டே வருவீர்கள். இலக்கணம் எல்லாம் அந்த வங்காளத்துக்குப் பக்கத்திலேயே வராது. கெட்டவன் வந்தால் "பாஜே லோக், பாஜே லோக்" என்று கையை ஆட்டுவீர்கள். அம்மா அழுதால் நீங்களும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்வீர்கள். பௌதி திரையைப் பார்ப்பதைவிட உங்கள் முகத்தைப் பார்ப்பதுதான் அதிகம். நீங்கள் மூச்சு வாங்க நிறுத்தினால் உடனே "தார்பொர்?" என்பார். அப்புறம் என்ன, என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தைக்காக நீங்கள் எத்தனை படத்தை நீட்டியிருக்கிறீர்கள்.

நீட்ட வேண்டிய கட்டாயமும் இருந்தது. அந்தத் தட்டுகள் பாதியில் மாட்டிக்கொள்ளும். படம் கட்டம் கட்டமாக உடைந்து, கதாநாயகன் வாயைத் திறந்தபடி நிற்பான். அண்ணாச்சி எழுந்து தட்டை வெளியே எடுத்து, பழைய வேட்டித் துண்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து, மறுபடியும் போடுவார். போட்டால் கால் மணி நேரக் கதையைத் தாண்டிப் போய்த்தான் ஓடும். அந்தக் கால் மணி நேரத்தை நீங்கள் சொல்வீர்கள். பார்த்த படமா, பார்க்காத படமா என்கிற பேச்சே கிடையாது.

ஒரு படம் கடைசிப் பகுதியே இல்லாமல் மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? தட்டை என்ன துடைத்தும் வழிக்கு வரவில்லை. பௌதி "தார்பொர்?" என்று உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் அசரவில்லை. அந்தப் பெண் இரண்டு ஆண்களையும் போங்கடா என்று விட்டுவிட்டு, பரீட்சை எழுதி, டெல்லியில் கலெக்டராகிவிட்டாள் என்று முடித்தீர்கள். டெல்லியில் ஏது கலெக்டர் என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. பௌதிக்கு அந்த முடிவு அவ்வளவு பிடித்துப்போய், மாடி மாடியாகச் சொல்லிவிட்டார். பிறகு சென்னையிலிருந்து வந்த ஒரு விருந்தாளி, இல்லையே, அவள் கடைசியில் செத்துப்போவாளே என்றதும் பௌதி ஒத்துக்கொள்ளவே இல்லை. உங்களைத் தீதி என்றுதான் சொல்வார்; தீதி சொன்னாள், அவள் கலெக்டர்தான் என்று ஒரே பிடி. உங்களிடம் கேட்டதற்கு, "சாகதப் பாக்கவா ரெண்டரை மணி நேரம் குத்தவச்சு இருந்தோம்?" என்றீர்கள்.

என் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் வங்காளம், வீட்டில் பாதி வங்காளம் என்று அலைந்துகொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் வந்தது அந்த ஹாலில்தான். திருச்சியில் என் அப்பாவிடம் போய், "தாத்தா, இங்கன வந்து இரிங்க" என்றாள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னத்தைச் சொல்ல, பக்கத்து வீட்டுத் தமிழ் என்றேன்.

அதன்பிறகுதான் உங்கள் கழுத்தில் அந்தக் கட்டி வந்தது. கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுகிறது, சிலருக்குக் குரல் பாதிக்கப்படுவதுண்டு என்று முன்னாலேயே சொல்லித்தான் செய்தார்கள். நீங்கள் கையெழுத்துப் போடும்போதுகூடச் சிரித்தீர்கள். "எங்கொரலு கொஞ்சம் கொறைஞ்சா அத்தானுக்கு நிம்மதி" என்றீர்கள். அண்ணாச்சி உங்கள் அத்தை மகன்தானே. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் உங்களுக்கு அவர் அத்தான்தான்.

குறையவில்லை அக்கா. போயே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நீங்கள் வாயைத் திறந்தீர்கள். காற்று மட்டும் வந்தது. கொஞ்ச மாதம் பொறுங்கள், சிலருக்குத் திரும்பி வரும் என்றார் டாக்டர். நாங்களும் பொறுத்தோம். சுக்கு, பனங்கற்கண்டு, சித்தரத்தை என்று ஊரிலிருந்து பார்சல் மேல் பார்சலாக வந்தது. எதுவும் நடக்கவில்லை.

நீங்கள் கதவைத் திறப்பதை நிறுத்தினீர்கள். பௌதி சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். வாங்கி வைத்துக்கொண்டு தலையை ஆட்டிக் கதவைச் சாத்திவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வரவில்லை. டிவிடி பிளேயர் மேல் பூ வேலை செய்த துணியைப் போட்டு மூடினீர்கள். நான் மட்டும் தினமும் ரசம் கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் உள்ளே நுழைந்துவிடுவேன். ஒருநாள் என் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து, "ஊருக்குப் போறேன். தம்பி வீட்ல இருந்துக்கிடுதேன்" என்றீர்கள்.

நான் சண்டை போட்டேன். அண்ணாச்சியை இங்கே தனியாக விட்டுவிட்டா என்றேன். ரிட்டையராக இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது என்றேன். நீங்கள் மூச்சு வாங்க வாங்கச் சொன்னதை நான் மறக்கவில்லை. "பாத்திரம் தேய்க்கிற பொண்ணு எங்கிட்ட ரெண்டு தடவ கீ, கீங்கா, என்னதுன்னு. மூணாந்தடவ கேக்காமலே போயிருதா. பேச்சு இல்லாம நான் யாருட்டி இங்கன?"

அந்தக் கோபத்தில் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன். மாடிப்படியில் மறித்து, போகாதே என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்களா, டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறீர்களே என்று கேட்டேன். அவர் பையைக் கீழே வைத்தார். "அவ பேசுவா, நான் கேப்பேன். அதாம்மா எங்க குடித்தனம். இப்ப கேக்க முடியல. நான் என்ன பேசணும்னு எனக்குத் தெரியல" என்றார். அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் வழியை விட்டுவிட்டேன்.

நீங்கள் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அது நடந்தது. மத்தியானம். நான் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். உங்கள் வீட்டிலிருந்து "ஏட்டி" என்று கேட்டது. கரகரவென்று ஒரு குரல். அது முடிவதற்குள் இன்னொரு ஏட்டி, அதற்குப் பின்னால் இன்னொன்று, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி. வாழைப்பூக் கறை ஒட்டிய கையோடு ஓடிவந்தேன்.

ஹால் முழுக்கச் சாமான். டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. நீங்கள் தரையில் சம்மணம் போட்டு, கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தபோது அந்த அட்டைப்பெட்டியும் கூடவே விழுந்திருக்கிறது. பிறகு எத்தனையோ தடவை கேட்டேன், அதைச் செருகிப் பேசிப்பார்க்க வேண்டும் என்று எப்படி அக்கா தோன்றியது என்று. "யாருக்கும் குடுக்க முன்னால வேலை செய்யுதான்னு பாக்க வேண்டாமா?" என்றீர்கள். வேலை செய்கிறதா என்று பார்க்காமல் ஒரு பழைய டார்ச்லைட்டைக்கூட நீங்கள் கொடுத்ததில்லை. அந்தப் பழக்கம்தான் உங்களைக் காப்பாற்றியது என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

டிவியில் படம் இல்லை. நீல நிறம் மட்டும். அதற்குள்ளிருந்து நீங்கள் பேசினீர்கள். காற்றாக வந்ததை அந்தப் பெட்டி பிடித்து, ஊதிப் பெருக்கி, குரலாக்கி வெளியே விட்டது. பழைய குரல் இல்லை. ஆனால் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. எழுந்து வராமல், வாயைக் காதில் ஒட்டாமல், அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கேட்டது.

நீங்கள் எனக்குச் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "ஏட்டி, இத்தன நாளா நீ கொண்டாந்த ரசத்துல ஒரு நாளும் உப்பே கெடையாது."

நான் அந்தக் கறைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். "அழாதட்டி, மூஞ்சியெல்லாம் கறுப்பாவுது" என்று டிவி சொன்னது. நான் டிவியைப் பார்த்து, சரிக்கா, சரிக்கா என்றேன். உடனே உங்களுக்குக் கோபம். "நான் இங்கன இருக்கேன், அங்க என்னத்தப் பாக்க?" அதன்பிறகு எத்தனை வருஷமானாலும் அந்தப் பழக்கம் எங்களில் யாருக்கும் போகவில்லை. நீங்கள் பேசினால் எல்லோரும் டிவியைத்தான் பார்ப்போம்; நீங்கள் மைக்காலேயே முழங்காலில் தட்டித் திருப்புவீர்கள்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி கிடர்பூரிலிருந்து வந்து கதவைத் தட்டியபோது நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் அவரிடம் முதலில் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சுவருக்கு அந்தப்பக்கம் எக்கோ மட்டும் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. வெகுநேரம் கேட்டது. மறுநாள் காலை அவர் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, டிக்கெட்டை ரத்து செய்யப் போனார். படியில் என்னைப் பார்த்து, "வத்தக்குழம்பு வைக்கத் தெரியலங்கா எனக்கு" என்று குறை சொன்னார். அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

எக்கோவைக் குறைக்கக் கற்றுக்கொள்வதற்குள் நீங்கள் செய்த அமர்க்களம் கொஞ்சமா? டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து, நான் மெயின் வாசலைத் தாண்டி வருகிறேனா என்று பார்த்து, சத்தமாகக் கூப்பிடுவீர்கள். ரிக்‌ஷாவில் மைக் கட்டிக்கொண்டு, நாளைக்குத் தண்ணீர் வராது என்று தெருத்தெருவாக அறிவித்துப் போவார்களே, அதுதான் என்று நினைத்து ஒருநாள் கீழ்த்தளத்தில் எல்லோரும் வாளி, குடம், குளிக்கிற டப் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டார்கள். நீங்கள் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னதுதான் அது. தொட்டி காலியாகி, மூன்றாம் மாடியில் நமக்குத்தான் அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்தன. பௌதி மோடாவோடு வந்து உட்கார்ந்தார். உங்கள் பேச்சில் ஒரு மாற்றம் தெரிந்தது. முன்பு ஒரு காட்சிக்கு ஒரு படம் அளவு பேசுவீர்கள். இப்போது சீக்கிரம் களைத்துவிடும். அதனால் எண்ணிப் பேசினீர்கள். அம்மா அழுகிற காட்சியில் பௌதியிடம் "மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை இறக்கினீர்கள். பௌதி அதற்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்ற நேரத்தில் கதாநாயகன் பேசுவதும் நீங்கள் பேசுவதும் ஒரே டிவியிலிருந்து ஒன்றாக வரும். யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே தெரியாது. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

கரண்ட் போனால்தான் கஷ்டம். எல்லோர் வீட்டிலும் விளக்கும் விசிறியும் போகும். உங்களுக்குப் பேச்சும் போகும். முதல் தடவை பாதி வாக்கியத்தில் போனபோது, மைக்கைப் பிடித்தபடி வாயசைத்துக்கொண்டிருந்தீர்கள். சட்டென்று நிறுத்தி எங்களைப் பார்த்தீர்கள். மறுபடியும் கதவைச் சாத்திவிடுவீர்களோ என்று பயந்தேன். நீங்கள் பக்கத்திலிருந்த ஓலை விசிறியை எடுத்து எங்களுக்கு வீச ஆரம்பித்தீர்கள். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்தீர்கள்.

ஒருமுறை பெட்டி படுத்துவிட்டது. தட்டைப் போட்டால் வெளியே துப்பியது, மைக்கும் இரைந்தது. அண்ணாச்சி அதை மறுபடியும் தோளில் தூக்கிக்கொண்டு கிடர்பூருக்குப் போனார். இதற்குச் செலவு செய்வதற்குப் புதிதே வாங்கிவிடலாம், அண்ணா, என்றானாம் ரிப்பேர்க்காரன். புதியதில் மைக் ஓட்டை உண்டா என்று கேட்டிருக்கிறார். இப்போது யாரும் அதைக் கேட்பதில்லை, வருவதில்லை என்றிருக்கிறான். "அப்ப இதையே சரி பண்ணு. படம் ஓடாட்டாலும் பரவாயில்ல, மைக் ஓடணும்" என்றாராம் அண்ணாச்சி. படம் ஓடத் தேவையில்லாத டிவிடி பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரே ஆள் நீங்கள்தான் என்று அவன் சிரித்திருக்கிறான். இதை என்னிடம் சொல்லும்போது அண்ணாச்சியும் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் அடுக்கினீர்கள். அடுக்கியதையே எடுத்து மறுபடி அடுக்கினீர்கள்.

பிறகு அவர் ரிட்டையரானார். அந்த அட்டைப்பெட்டி கடைசியில் அதன் வேலையைச் செய்தது. பிளேயரை அதில் வைத்து, சுற்றிலும் உங்கள் பழைய சேலைகளைத் திணித்துக் கட்டினோம். ஹவுரா ஸ்டேஷனில் ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்காது. உங்களுடையதைச் சொல்லவே வேண்டாம். ஜன்னல் கம்பி வழியாக என் தலையை இழுத்துக் காதில் சொன்னீர்கள். "பௌதிக்கு முடிவு நல்லதாச் சொல்லு." இத்தனை வருஷமும் சொல்லிவருகிறேன் அக்கா. என் வங்காளம் உங்களுடையதைவிட எவ்வளவோ தேவலை. ஆனால் பௌதி என்னிடம் "தார்பொர்?" என்று அந்த ஆசையோடு கேட்பதில்லை. மரியாதைக்குக் கேட்கிறார்.

பாளையங்கோட்டைக்குப் போனபிறகு போனில் பேசுவோம். ரிசீவரை டிவிக்குப் பக்கத்தில் அண்ணாச்சி பிடித்துக்கொள்வார். நீங்கள் தள்ளி உட்கார்ந்து மைக்கில் பேசுவீர்கள். பக்கத்து வீட்டு நாய் குரைப்பதுவரை எனக்குக் கேட்கும். இரண்டு மழைக்காலம்தான் அங்கே இருந்தீர்கள். காய்ச்சல் என்று படுத்தீர்கள், ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. எனக்குச் சேதி வந்து, ரயில் பிடித்து, பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்து சேர முடிந்தது. டிவி மேசையில் பிளேயர் இருந்தது. மைக்கின் தலையில் நீங்கள் கட்டியிருந்த கைக்குட்டை அப்படியே இருந்தது. அதை அவிழ்க்க அண்ணாச்சி யாரையும் விடவில்லை.

நான் கல்கத்தா திரும்பிக் கொஞ்ச மாதம் கழித்து, பொங்கலுக்கு மறுவாரம், ஒரு மத்தியானம் போன் வந்தது. அண்ணாச்சி. தானாகப் போன் செய்து பேசுகிற மனிதரா அவர்? நல்லா இருக்கியா, பிள்ளை நல்லா இருக்காளா என்று கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்கப்படாது. அவ பேச்சு உங்கிட்ட எதுலயாவது இருக்காம்மா? கேசட்டு, வீடியோ, எதுலயாவது. ஆபரேசனுக்கு முந்தி உள்ளது."

நான் முந்தியே தேடியிருந்தேன். என் மகள் பிறந்தநாளுக்கு எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது. அதில் நீங்கள் கேக்கை வெட்டுகிறவளை விரட்டி விரட்டிப் பேசுகிறீர்கள், வாய் ஓயாமல். ஆனால் வீடியோக்காரன் முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டான். மைக்கில் இத்தனை வருஷம் பேசினீர்களே, அந்தப் பெட்டியும் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. ஊரார் பேசியதை எல்லாம் தட்டிலிருந்து எடுத்து எடுத்து ஓட்டியது. உங்கள் பேச்சை வாங்கி வெளியே விட்டதோடு சரி.

இல்லை அண்ணாச்சி என்றேன்.

"மைக்குல பேசினதுதான் ஞாபகத்துல வருது. அதுக்கு முந்தின சத்தம் எனக்கு வரமாட்டேங்கு. ராப்பகலா நெனச்சுப் பாக்கேன். வரமாட்டேங்கு" என்றார். குரல் உடைந்துவிட்டது. அப்புறம் அவரே கேட்டார். "நீ அவள மாதிரிப் பேசிக் காட்டுவியே. சமையக்கட்டுல வச்சு ரெண்டு பேரும் சிரிப்பியளே. ஒரு தடவ பேசுதியா?"

நான் அப்படிப் பேசிக் காட்டியது அவர் காதில் விழுந்திருக்கும் என்றே எனக்குத் தெரியாது. உங்கள் முன்னால் உங்களைக் கிண்டல் செய்ய, உங்களைச் சிரிக்க வைக்கச் செய்தது. செத்துப்போனவளைப் போலப் பேசுவதா என்று தயங்கினேன். வேண்டாம் அண்ணாச்சி என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கம் அவர் மூச்சு விடாமல் காத்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உங்களைக் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்த மனிதர், முதன்முதலாக வாயைத் திறந்து ஒன்று கேட்கிறார்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் காது போய்விடும். அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்.

"அத்தான். ஏ அத்தான். பேப்பரக் கீழ வையுங்க. சோறு ஆறிப்போச்சு, எத்தன தடவ கூப்பிட? இப்ப எந்திச்சு வாரியளா, இல்ல நான் அங்கன வரட்டுமா?"

கீழே கேட் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்தான். என் தொண்டையிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. நீங்கள்தான் அக்கா. ஒரு இழை குறையாமல் நீங்கள்.

தப்புச் செய்துவிட்டோமோ என்று நினைக்கும்போது, "இந்தா வந்துட்டேன்ளா" என்றார் அண்ணாச்சி. அது எனக்குச் சொன்னதில்லை.

ரிசீவரை மேசைமேல் வைக்கிற சத்தம். நாற்காலி நகர்ந்தது. செருப்பு சரசரவென்று உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தின் மூடியைத் திறக்கிற சத்தம், தட்டைக் கீழே வைக்கிற சத்தம். அன்றைக்கு அதுவரைக்கும் அந்த மனிதர் சாப்பிட்டிருக்கவில்லை.

நான் போனை வைக்கவில்லை. அவர் சாப்பிட்டு எழுந்து கை கழுவுகிற வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் குரல் என்னிடம்தான் இருக்கிறது அக்கா. அவர் கேட்கிறபோதெல்லாம் கொடுக்கிறேன்.